மாமா போனார், மச்சான் வந்தான்

சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வருவது அண்ணிக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் வியாதி. பள்ளிக்கூடத்தில் மௌன அஞ்சலி செலுத்தும்போது வந்தது. முதல் வேலையை விட்டு அவளை அனுப்பிய மேலாளரின் அறையிலும் வந்தது. வயதான பிறகுதான் புரிந்தது, அது வெறும் சிரிப்பு இல்லை என்று. எங்கோ ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் நிற்கும்போது, புத்திக்கு எட்டுவதற்கு முன்னால் வயிற்றுக்கு எட்டிவிடுகிறது. அதை வைத்தே அவள் துப்பறியத் தொடங்கினாள். உதவிக்குக் கணவனின் தம்பி வந்து சேர்ந்தான். அவன் அவளை அண்ணி என்று கூப்பிட, வழக்கோடு வருகிறவர்களுக்கும் அவள் அண்ணியாகிப் போனாள்.

இப்போது அந்தச் சிரிப்பு ஓர் ஆய்வகத்தின் நடுவில் வந்து நின்றது. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எதிரே நின்ற இளம் பெண் அழாத குறை. வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகிறது. அதற்குள் அவள் கொடுத்த ஓர் அறிக்கை ஒரு குடும்பத்தையே ஆட்டிவைத்துவிட்டது.

விஷயம் இதுதான். நாலு தெரு தள்ளி ஒரு அம்மாள் வாசனைத் திரவியம் செய்கிறார். புதிதாக ஒரு வாசனை கலந்து, விற்பனைக்கு அனுமதி வாங்க ஒரு குப்பியை இங்கே சோதனைக்கு அனுப்பினார். அதில் இருக்கவேண்டிய நல்ல ஆல்கஹால் துளிக்கூட இல்லை, இருப்பதெல்லாம் கண்ணைக் கெடுக்கும் விஷ ஆல்கஹால் என்று அறிக்கை வந்துவிட்டது. இன்று மதியம் தர அதிகாரி வந்து மொத்தச் சரக்கையும் அழித்துவிட்டுப் பட்டறைக்குப் பூட்டுப் போடப் போகிறார்.

பட்டறைக்கு ஆல்கஹால் வாங்கிவருவது அந்த அம்மாளின் சொந்தத் தம்பி.

"அவன் செஞ்சிருந்தா அவன் பேரைச் சொல்லத்தான் போறேன். என்னை நம்பி இத்தனை பேர் வேலை செய்யறாங்க" என்று காலையில் அண்ணியிடம் சொன்னார் வாசனைக்காரம்மா. குரல் நடுங்கவில்லை. கைதான் ஒரு காலிக் குப்பியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன் மேடம்" என்றாள் ஆய்வகப் பெண். "ஒவ்வொரு தடவையும் அதேதான் வந்துச்சு."

"மொதல்ல இந்த அடுப்பு என்ன பண்ணுதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றாள் அண்ணி. மேசைமேல் இருந்த கருவி, ஓட்டலில் ரொட்டி சுடும் அடுப்பு போலத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பாடம் சொல்வதென்றால் பயம் போய்விடும் போலிருக்கிறது. கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே முடி போல மெல்லிய குழாய் ஒன்று சுருள் சுருளாகத் தொங்கியது. "வாசனையில ஒரு சொட்டு உள்ள விடுவோம். சூட்டுல ஆவியாயிடும். ஒரு வாயு பின்னாலேர்ந்து அதைச் சுமந்துக்கிட்டு இந்தக் குழாய் முழுக்கப் போகும். போற வழியில ஒவ்வொரு பொருளும் பிரிஞ்சு, ஒவ்வொரு நேரத்துல வெளிய வரும். வந்த நேரத்தை வெச்சு ஆளு யாருன்னு கருவியே பேரு போட்டுடும்."

"நேரத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கிறதா?" என்றான் கொழுந்தன். "அப்ப ஒரு நாளும் நேரத்துக்கு வராத நான் இந்தக் குழாய்க்குள்ள போனா, கடைசி வரைக்கும் நான் யாருன்னே தெரியாது."

"நீ போனா குழாய் அடைச்சுக்கும்."

"வாயு தள்ளிவிட்டுடும் அண்ணி. வாயுவோட பலம் என்னன்னு அண்ணன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட எனக்குத் தெரியாதா?"

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறிக்கையில் இருந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாள். ஒரு கோடு, அதில் கூர்கூராகச் சிகரங்கள். எல்லாச் சிகரங்களும் இடது பக்கம் ஒட்டி நின்றன. வலது பாதித் தாள் வெறிச்சென்று கிடந்தது. அவள் வயிற்றுக்குள் சிரிப்பு மறுபடி குமிழ் விட்டது. ஏனென்று தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் உதைக்குது" என்றான் கொழுந்தன் தாளை எட்டிப் பார்த்து. "பால்ல தண்ணி கலக்கறவன் கொஞ்சம் பாலும் விடுவான். வெறும் தண்ணியக் கொண்டுவந்து பால்னு விக்கற அளவுக்கு தைரியசாலி எவன்?"

"அல்லது, குப்பியை இங்க வெச்சு யாரோ மாத்தியிருக்கணும்" என்றாள் அண்ணி. "குப்பி வந்த அன்னிக்கு வெளியாள் யாராவது உள்ள வந்தாங்களாம்மா?"

பெண் தயங்கினாள். "வெளியாள்னு… தெரியலை மேடம். எங்க பெரிய மேடம் எனக்கு ஒரு குரல் செய்தி வெச்சிருந்தாங்க. அதுல யாரையோ உள்ள விட்டதா சொல்றாங்க. அவங்க வீட்டு விஷயம்னு நெனச்சு நான் கேட்டுக்கலை."

"பெரிய மேடம் எங்க?"

"குடல்வால் அறுவைச் சிகிச்சை. அன்னிக்குக் காலைல இங்கேர்ந்துதான் வலியோட ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அப்புறம் காய்ச்சல் வந்து, இன்னும் மயக்கத்துலதான் இருக்காங்களாம்."

அவள் தொலைபேசியில் அந்தச் செய்தியை ஒலிக்கவிட்டாள். முனகலுக்கு நடுவே அதிகாரமான ஒரு பெண்குரல்:

"ஏம்மா, நான்தான். வயித்து வலி தாங்கல, ஆட்டோல ஏறிட்டேன். கேட்டுக்கோ. மாமாவை அனுப்பிட்டேன். அவரு வைக்கிற செலவுக்கு இனிமே நம்மால ஈடு கொடுக்க முடியாது. பெரியப்பாவைக் கூப்பிடலாம்னு பார்த்தா, அவரு வந்து சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். அதனால மச்சானை உள்ள விட்டுட்டேன். ஆளு பயங்கர வேகம், அதுக்கேத்த மாதிரி பார்த்து நடந்துக்கோ. தண்ணி ஊத்த மட்டும் மறந்துடாத, தண்ணி இல்லேன்னா வேலை செய்ய மாட்டான். குழாய்த் தண்ணியை ஊத்தி ஏமாத்திடாத, பாழாப் போயிடுவான். பக்கத்துல நெருப்பு மட்டும்… அய்யோ, அம்மா…"

அத்தோடு நின்றுவிட்டது.

அண்ணிக்கு நெஞ்சு துள்ளியது. வாசனைக்காரம்மாவின் கணவர் மனைவியின் தம்பியை மச்சான் என்று கூப்பிடுவார். அவரைப் பார்த்துப் பட்டறையில் எல்லாரும் மச்சான் என்றே கூப்பிடுகிறார்கள், வெளியாளிடம் பேசும்போது அக்காகூட. காலையில் அண்ணியே தன் காதால் கேட்டாள்: "மச்சான், மூடி தீர்ந்துபோச்சு", "மச்சான், லாரி வந்தாச்சு."

"புடிச்சாச்சு" என்றான் கொழுந்தன். "தண்ணி போடற மச்சான். அதுவும் கலக்காம அடிக்கிற மச்சான்."

படியிறங்கும்போது அண்ணி தன் காலின் துள்ளலைக் கவனித்தாள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஓர் அக்காவும் தம்பியும் பிரியப்போகிறார்கள். தனக்கு என்ன இவ்வளவு குதூகலம்? ஒவ்வொரு வழக்கிலும் இந்த இடத்தில் அவளுக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருக்கிறது, பசிக்கிறவளுக்குச் சோறு வேண்டியிருப்பது போல. யார் என்பதுகூட அப்போது முக்கியமில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

*

மச்சான் பட்டறையில் இல்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் தனியாக ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து குப்பிகளுக்கு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். ஆல்கஹாலுக்குப் பக்கத்தில் சுடர் ஆகாது என்பதால் அந்த வேலைக்கு மட்டும் தனி அறை. நாற்பது வயது இருக்கும். அரக்குக் குச்சியைச் சுடரில் காட்டி, உருகும் வரை காத்திருந்து, குப்பியின் கழுத்தில் ஒரு சொட்டு விட்டு, அது இறுகும் வரை பார்த்துக்கொண்டிருந்து, பிறகு அடுத்த குப்பியை எடுத்தார். ஒரு குப்பி முடிவதற்குள் கொழுந்தன் கொட்டாவி விட்டுவிட்டான்.

"உங்களை ரொம்ப வேகமான ஆளுன்னு சொன்னாங்களே" என்றான்.

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். யோசித்தார். "என்னையா?" என்றார். மறுபடி யோசித்தார். "வேற யாரையாவது சொல்லியிருப்பாங்க."

"போன வாரம் ஆய்வகத்துக்குப் போனீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"குப்பியை வாசல்ல குடுத்துட்டு வந்தேன். உள்ள விட மாட்டாங்களே." அவர் பக்கத்தில் இருந்த குடத்தைக் காட்டினார். "வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி சாப்பிடறீங்களா?"

கொழுந்தன் கண்ணைச் சிமிட்டினான். "நீங்க சாப்பிடற வழக்கம் உண்டா?"

"இப்பத்தான் ஒரு சொம்பு குடிச்சேன்."

"சொம்பா? பட்டப்பகல்லயா?"

"தாகம் எடுத்தா ராத்திரி வரைக்கும் பொறுத்துக்கிட்டா இருக்க முடியும்?"

"கலக்காமலா?"

"தண்ணியில எதைங்க கலக்கறது?" என்றார் மச்சான், உண்மையான கவலையோடு. பிறகு மெதுவாக அவருக்குப் புரிந்தது. புரிவது முகத்தில் ஒவ்வொரு அங்குலமாக ஏறியது. "ஓ, அந்தத் தண்ணியா? தினமும் பீப்பாய் பீப்பாயா ஆல்கஹாலை மோந்து பார்த்து வாங்கறவன் நான், தம்பி. அந்த நெடி வந்தாலே எனக்குக் குமட்டும். நான் குடிக்கறது இந்தக் குழாய்த் தண்ணிதான்."

அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. இந்த முறை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். கொழுந்தன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"அண்ணி, சாட்சி பயந்துடப் போறாரு."

"மூணுல ஒண்ணாவது பொருந்துதாடா? வேகமான ஆளு, இவரு நத்தை. நெருப்பு ஆகாத ஆளு, இவரு சுடர் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. குழாய்த் தண்ணி குடிச்சா பாழாப் போற ஆளு, இவரு சொம்பு சொம்பாக் குடிக்கிறாரு."

"அப்ப வேற மச்சான்."

"இரு. தண்ணின்னா நாம ஏன் உடனே சாராயக்கடைக்கு ஓடினோம்? தண்ணின்னா தண்ணியாவே இருந்துட்டா? சுத்தமான தண்ணி மட்டும் ஊத்தணும், குழாய்த் தண்ணி ஊத்தினா கெட்டுப்போகும். அப்படி யாரைத் தெரியும் உனக்கு?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "எங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி."

சொன்ன பிறகு அவனே நின்றுவிட்டான்.

அண்ணி கையிலிருந்த வரைபடத்தை விரித்தாள். எல்லாச் சிகரங்களும் இடது ஓரம். வலது பாதி காலி. "ஒரு பஸ்ஸுல வர்ற அத்தனை பேரும் அவனவன் நேரத்துக்கு முன்னாடியே வந்து இறங்கினா, தப்பு ஆளுங்க மேலயாடா?"

"பஸ்ஸு மேல."

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா? ஒரு வாயு சுமந்துக்கிட்டுப் போகும்னு. எந்த வாயுன்னு நாம கேட்டோமா?"

"கேக்கலை. நான்தான் அண்ணனை உள்ள இழுத்துட்டேன்" என்றான் கொழுந்தன் பணிவாக.

ஸ்கூட்டரில் ஏறும்போது அண்ணி உள்ளுக்குள் ஒரு ஏமாற்றத்தைத் தேடிப் பார்த்தாள். கையில் கிடைத்த குற்றவாளி நழுவிப்போனால் வழக்கமாக வருகிற ஏமாற்றம். இல்லை. அந்த மனிதர் நீட்டிய தண்ணீரைக் குடிக்காமல் வந்துவிட்டோமே என்பதுதான் உறுத்தியது.

*

"புதுப் பெட்டியா?" என்றாள் ஆய்வகப் பெண். "அதோ, கருவிக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. ஏசியோட சேர்ந்ததுன்னு நெனச்சேன். தண்ணி குறைஞ்சா சிவப்பு விளக்கு எரியுது, பக்கத்துல இருந்த பாட்டில்லேர்ந்து ஊத்தி வெச்சேன்."

மிக்ஸி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று சுவரோரமாகப் போய்க் கருவிக்குள் நுழைந்தது. மூலையில் ஆளுயர உருளை ஒன்று சங்கிலியால் கட்டப்பட்டு, எந்தக் குழாயும் இல்லாமல் வெறுமனே நின்றது.

பெண் குனிந்து பெட்டியின் பின்பக்கம் படித்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஹைட்ரஜன். இது தண்ணியை மின்சாரத்துல பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கற பெட்டி மேடம். நான் உருளையிலேர்ந்து ஹீலியம்தான் போகுதுன்னு நெனச்சேன். கருவியில இருக்கற நேரமெல்லாம் ஹீலியத்துக்குப் போட்டது."

"ஹைட்ரஜன்னா வேகமாப் போகுமா?"

"ரொம்ப. ஹீலியம் நல்லது, எதோடயும் சேராது, சண்டைக்குப் போகாது. ஆனா இப்ப கிடைக்கறதே கஷ்டம், விலையும்…"

"மாமா" என்றான் கொழுந்தன்.

"நைட்ரஜன் மலிவு, எங்கயும் கிடைக்கும். ஆனா அதுல ஓட்டினா ஒரு சோதனை முடியறதுக்கே…"

"பொழுது சாஞ்சிடும். பெரியப்பா."

"ஹைட்ரஜன் வேகம். ஆனா கசிஞ்சா தீப்பிடிக்கும்…" பெண் பாதியில் நிறுத்தினாள். கை தானாக வாய்க்குப் போனது. "மச்சான்."

அந்த நேரம் பார்த்து ஆய்வகத் தொலைபேசி அடித்தது. பெரிய மேடத்தின் கணவர். குரல் கலங்கியிருந்தது.

"என் மனைவி இப்பத்தான் கண் முழிச்சா. என்னை ஏறெடுத்துப் பார்க்கலை. மச்சானுக்குத் தண்ணி ஊத்தினாங்களான்னு கேக்கறா. அவளுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாது, எனக்கு மச்சானே இல்லை. யாருங்க அவன்?"

கொழுந்தன் தொலைபேசியை வாங்கிக்கொண்டான். "பயப்படாதீங்க சார். ரொம்ப லேசான ஆளு. நெறமில்லை, மணமில்லை, குணம் மட்டும் கொஞ்சம் சூடு."

"அட, கருவியில ஓடற வாயுன்னு சொல்லித் தொலைடா" என்றாள் அண்ணி.

"வாயுங்க சார்."

"வாயுவா? ஆபரேஷன் ஆனவளுக்கு அது இருக்கத்தான் செய்யும்னு டாக்டரே சொன்னாரு" என்று அவர் ஒருவாறு நிம்மதியாகி வைத்துவிட்டார்.

இதற்கிடையில் பெண் சும்மா இருக்கவில்லை. அலமாரியிலிருந்து சுத்தமான விஷ ஆல்கஹாலை எடுத்து ஒரு சொட்டு உள்ளே விட்டாள். மச்சானின் வேகத்தில் அது எப்போது வந்து இறங்குகிறது என்று முதலில் தெரியவேண்டும். திரையில் கோடு ஓடியது. ஒரு சிகரம் எழுந்தது, பழைய இடத்துக்கு வெகு முன்னால். அந்த இடத்தில் ஒரு குறி வைத்தாள். பிறகு வாசனைக்காரம்மாவின் குப்பியைத் திறந்தாள்.

அறை முழுக்க மழைக்குப் பிந்திய தோட்டத்தின் மணம் பரவியது. கொழுந்தன்கூட ஒரு முறை ஆழமாக மோந்து பார்த்தான். இந்த வாசனையைத்தான் மதியம் கொட்டப்போகிறார்கள்.

சொட்டு உள்ளே போனது. கோடு நகர்ந்தது. குறியை நெருங்கியது. குறியில் நின்றது. குறியைத் தாண்டியது. ஒரு மேடு இல்லை, ஒரு நெளிவு இல்லை. துடைத்துவைத்த தரை மாதிரி. கொஞ்சம் தள்ளி, எந்த இடத்தில் போன வாரம் விஷம் என்று பேர் விழுந்ததோ சரியாக அங்கே, நல்ல ஆல்கஹால் ஓங்கி எழுந்தது.

பெண் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்பது அண்ணிக்குத் தெரியும் என்பதால், அவள் தோளில் கை வைத்தாள்.

*

பட்டறை முற்றத்தில் குப்பிகள் வரிசையாக வெளியே வந்துவிட்டன. தர அதிகாரி கையில் பூட்டோடு நின்றார். வேலை செய்கிறவர்கள் சுவரோரம் கூடி நின்றார்கள். வாசனைக்காரம்மா யாரையும் பார்க்கவில்லை.

அண்ணி புதிய வரைபடத்தை அதிகாரியிடம் நீட்டினாள். ஆய்வகப் பெண் முன்னால் வந்து, யாரும் கேட்பதற்கு முன்பே, தவறு தன்னுடையது என்றும் என்ன நடந்தது என்றும் சொல்லி முடித்தாள். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். சட்டம் பேசுகிறவர், ஆனால் வன்மம் இல்லாதவர். பூட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்லவேளை" என்றார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக வாசனைக்காரம்மாவைப் பார்த்தார். "ஆனா காலைல போன்ல நீங்கதானேம்மா சொன்னீங்க? மச்சான்தான் இதைப் பண்ணியிருக்கணும், வேற யாரும் இல்லேன்னு?"

வாசலில் மச்சான் நின்றிருந்தார், விரலெல்லாம் அரக்கு.

வாசனைக்காரம்மாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. உதடு திறந்தது, சொல் வரவில்லை. காலையில் தம்பியைச் சொல்லத் துணிந்த குரல் அது.

அண்ணிக்கு யோசிக்க நேரமில்லை.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க சார்" என்றாள். "மச்சான்தான் பண்ணினது. ஆய்வகத்துல ஹைட்ரஜனுக்கு அதுதான் பேரு. வேணும்னா ஆஸ்பத்திரியில படுத்திருக்கற பெரிய மேடத்தைக் கேளுங்க."

"இப்ப எங்க இருக்கான்னு கேட்டீங்கன்னா" என்றான் கொழுந்தன், "ஆய்வகத்துல உக்காந்து தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கான். குழாய்த் தண்ணி குடுத்தா கோவிச்சுக்கறான் சார்."

அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு சுவரோரம் நின்றவர்கள். சிரிப்பு முற்றம் முழுக்கப் பரவியது. யாரோ, "மச்சான், உங்க பேரை வெச்சு ஒருத்தன் ஏமாத்தியிருக்கான்" என்று கத்தினார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கு இறுகுவதைப் பார்க்கிற அதே பொறுமையோடு. அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள். புரிவது மெதுவாக, ஒவ்வொரு அங்குலமாக ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க எந்தப் பொய்யும் போதாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன்க்கா" என்றார் அவர் கடைசியில். "அந்த மச்சான் நெசமாவே பண்ணியிருந்தா, புடிச்சுக் குடுத்திருப்பியா?"

வாசனைக்காரம்மா அவரை நேராகப் பார்த்தார். "குடுத்திருப்பேன்டா."

அவர் தலையை ஆட்டினார். "குடுக்கத்தான் வேணும்" என்றார். "கண்ணு போற சமாச்சாரம் இல்லையா?" பிறகு திரும்பினார். "அரக்குச் சுடரை அணைக்காம வந்துட்டேன். நான் போறேன்."

"இருடா" என்றார் அக்கா.

அவர் நிற்கவில்லை. வேகமாகவும் போகவில்லை, அது அவருக்கு வராது. வாசனைக்காரம்மா செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி, தெருவின் நடுவில் அவரை எட்டிப் பிடித்தார். தம்பியின் விரலில் காய்ந்திருந்த அரக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே, அவர் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, கூடவே நடந்தார்.